மாவு அரைப்பவருக்கு கிரைண்டர் விற்பது எப்படி?

டேபிள்டாப் கிரைண்டரோடு வரும் வாரண்டி அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது. தெருவுக்கு ஒரு வீட்டில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று அட்டை தொங்கும் ஊரில் இதற்கு என்ன அர்த்தம்? கிரைண்டரை மணிக்கணக்கில் ஓட்டுகிறவர், தேய்ந்ததும் அடுத்ததை வாங்கியே தீர வேண்டியவர், எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. அடுத்த படி, ஓட்டல் சைஸ் கிரைண்டர். அதை வைக்க வாடகை வீட்டுச் சமையலறையில் இடம் இருக்காது. சிறுதொழில் செய்பவரைக் கொஞ்சம் பெரிய குடும்பமாகவோ, ரொம்பச் சின்ன கம்பெனியாகவோதான் நம் நிறுவனங்கள் பார்க்கின்றன. இரண்டுமே தப்புக் கணக்கு.

இப்படித் தொழில் செய்யும் பெண்கள் எத்தனை பேர்? 2013-14-ல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 5.85 கோடி தொழில் அமைப்புகள். அவற்றில் 80 லட்சத்துக்கு மேல் பெண்களுடையவை. அந்தப் பெண்களின் தொழில்களில் 13.5 சதவீதம் தமிழ்நாட்டில் இருந்தன. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பழைய கணக்குதான். ஆனால் அதற்குப் பிறகுதான் 2015-ல் சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் வந்தது. அதன் கணக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்களின் பெயரில். அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொன்னது: பெண்களின் தொழில்களில் 80 சதவீதத்துக்கு மேல் சம்பள ஆள் ஒருவர்கூடக் கிடையாது. முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை, கொள்முதல் மேலாளர் எல்லாம் ஒருவரே.

பெண்களை விற்பனைக்குப் பயன்படுத்திக்கொள்ள மட்டும் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்துஸ்தான் லீவரின் 'சக்தி' திட்டம் 2000-களின் தொடக்கத்தில் நல்கொண்டா மாவட்டத்தில் ஆரம்பித்து, சுயஉதவிக் குழுப் பெண்கள் மூலமாகச் சோப்பையும் ஷாம்பூவையும் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. அங்கே பெண் சரக்கைக் கொண்டுசேர்க்கும் வழி. அவருடைய தொழிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை அவருக்கே விற்க வருபவர்கள் குறைவு. மாவுக் கடை ஓடும் விதத்தைக் கவனித்தால் என்ன வேண்டும் என்பது தானாக விளங்கும். அரிசியும் உளுந்தும் காலையிலேயே ஊறிவிடும். மதியம் மோட்டார் நின்றுபோனால் ஊறியது வீண். சாயங்காலம் பாத்திரத்தோடு வருகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போவார்கள், சிலர் திரும்பி வரவே மாட்டார்கள். மெக்கானிக் மூன்று நாள் கழித்து வருவார் என்கிற சர்வீஸ் சென்டர் குடும்பத்துக்கு எரிச்சல். மாவு விற்பவருக்கு அது வருமான இழப்பு. இவர் விலை கொடுத்து வாங்குவது கிரைண்டரை அல்ல, தினமும் மாவு அரைபடும் என்ற நிச்சயத்தை. பழுதானால் அன்றைக்கே மாற்று மெஷின் கொடுப்பவர் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும் விற்றுவிடலாம்.

சின்ன ஆளுக்கு இத்தனை சேவை கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள் விற்பனை மேலாளர்கள். இந்த வாதத்துக்குப் பதில் டீக்கடை மேஜையிலேயே இருக்கிறது. பணம் வந்துவிட்டதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிவிட்டுப் போகிறவர்களால் கடைக்காரர்கள் அல்லாடினார்கள். 2019-ல் பேடிஎம், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்லாமல் மாத வாடகைக்கு விட்டார்கள். தமிழில் பேச வைத்தார்கள். கை வேலையாக இருக்கும்போது போனை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமும் போயிற்று. நூறு ரூபாய் சொச்சம் வாடகை தருகிற கடைகள் லட்சக்கணக்கில் சேர்ந்தபோது அதுவே பெரிய தொழிலாகிவிட்டது. கட்டுப்படியாகாதது வாடிக்கையாளரின் அளவு அல்ல. பெரிய கம்பெனிக்கு விற்கிற முறையை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது: பெண் பெயரில் பதிவு இருக்கும், தொழிலை நடத்துவது கணவராக இருக்கும். மானியத்துக்காக அப்படி நடப்பது உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சம்பள ஆள் இல்லாமல் தானே தைத்து, தானே அரைத்து, தானே விற்கிறவரைப் பெயரளவு முதலாளி என்று எப்படிச் சொல்வது? அவர் வாசலில் நின்றுகொண்டு "சார் இருக்காங்களா?" என்று கேட்கும் விற்பனைப் பிரதிநிதி அந்த நிமிஷமே ஆர்டரை இழக்கிறார். மார்ச் எட்டாம் தேதிக்கு ரோஸ் நிற விளம்பரமும் தள்ளுபடி கூப்பனும் இதைச் சரிசெய்யாது. பில் அவர் பெயரில் வர வேண்டும், டெமோ அவருக்கு ஒழியும் நேரத்தில் நடக்க வேண்டும், உதிரி பாகம் பக்கத்து டவுனில் கிடைக்க வேண்டும்.

தவணைக்கு விற்றால் பணம் திரும்புமா என்ற பயம் நியாயமானது. சிறுகடன் நிறுவனங்கள் ஒரே வீட்டில் மூன்று நான்கு கடன் கொடுத்து, பிறகு வாசலில் வந்து நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2025-ல் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் சிக்கல் பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுத்த கடனில். தினமும் சம்பாதித்துத் தரும் மெஷினுக்கான தவணை வேறு வகை. அதையும் வியாபாரம் நடக்கும் வேகத்தில், வாரத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தால் வாங்குபவருக்கும் தாங்கும். வருமானத்தைப் பார்க்காமல் விற்பனை இலக்குக்காகத் தலையில் கட்டினால் இதுவும் அதே கதியில்தான் முடியும்.

வாங்கும் பக்கம் இருக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுதொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகர் கேட்டால் கொடுக்காதீர்கள். பொருள் தயாரித்தோ சேவை செய்தோ கொடுக்கும் குறு, சிறு தொழில் என்றால், உங்களிடம் வாங்கும் நிறுவனம் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உங்களுக்குச் சேர வேண்டும்.