இமையோரத்து எண்ணெய்

ஜனவரி மாதத்து நியூ ஜெர்சியில், எடிசன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. ஆறு மாத விசாவில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது. காற்றுப் பட்டால் எரிச்சல், டிவி பார்த்தால் உறுத்தல். சோதித்துப் பார்த்த டாக்டர், கண் உலர்ந்துபோயிருக்கிறது என்கிறார். வடிகிற கண்ணைப் போய் உலர்ந்த கண் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் டாக்டர் சொல்வதுதான் சரி. அது ஏன் சரி என்று புரிந்துகொண்டால், இந்த நோய்க்கு என்ன செய்யலாம், எதைச் செய்வது வீண் என்பதில் பாதி தெளிந்துவிடும்.

கருவிழியின் மேல் எந்நேரமும் ஒரு கண்ணீர்ப் படலம் படிந்திருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 3 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் மிகச் சிறிய பங்கு. கருவிழிக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் காற்றிலிருந்து இந்தப் படலம் வழியாகத்தான் போகிறது. வெளிச்சம் கண்ணுக்குள் நுழையும்போது முதலில் தொடுவதும் இதைத்தான். படலம் கலைந்தால் பார்வை மங்கும், ஒரு முறை இமைத்தால் தெளியும். கண்ணாடியின் பவர் மாறிவிட்டதோ என்று பலர் நினைப்பது இந்த மங்கலைத்தான்.

படலத்தின் அடியில் சளி போன்ற ஒரு பொருள் இருந்து, நீரைக் கண்ணோடு ஒட்டவைக்கிறது. நடுவில் உப்பும் புரதமும் கலந்த நீர். எல்லாவற்றுக்கும் மேலே, காற்றைத் தொடும் பக்கத்தில், மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இந்த எண்ணெய் இமைகளுக்குள் இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. 1666-இல் இவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர் இவற்றுக்கு. மேல் இமையில் முப்பது நாற்பது, கீழ் இமையில் இருபது முப்பது என்று வரிசையாக நின்று, இமை முடிக்குச் சற்றுப் பின்னால் நுண்ணிய வாய்களைத் திறந்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் பிதுங்கி வெளியே வந்து, நீரின் மேல் பரவி, அது ஆவியாகாமல் காக்கிறது.

உலர் கண் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் பழுதுபட்டிருப்பது இந்த எண்ணெய்தான். நீர் சுரப்பதே குறைந்துபோனவர்கள் சிறுபான்மை. எண்ணெய் இல்லாவிட்டால் நீர் விரைவில் ஆவியாகிறது. மிஞ்சும் கண்ணீரில் உப்பின் செறிவு ஏறுகிறது. அந்த உப்பு மேற்பரப்பின் செல்களை வதைக்க, உடல் அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. அழற்சி, சளி சுரக்கும் செல்களையும் எண்ணெய்ச் சுரப்பிகளையும் மேலும் கெடுக்கிறது. படலம் இன்னும் சீக்கிரம் கலைகிறது. நோய் நாள்பட்டதாவது இந்தச் சுழற்சியால்தான். உடலிலேயே நரம்புகள் மிக நெருங்கிய இடங்களில் ஒன்று கருவிழி. அது வலியை அறிவித்ததும், கண்ணின் மேல்புற ஓரத்தில் இருக்கும் பெரிய கண்ணீர்ச் சுரப்பி நீரைக் கொட்டுகிறது. கொட்டுவது வெறும் நீர். எண்ணெய் இல்லாததால் அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிகிறது. அம்மாவின் வடிகிற கண் உலர்ந்த கண்ணானது இப்படித்தான். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்நோய் அதிகம். அதோடு, ஹீட்டர் நாள் முழுக்க ஓடும் வீட்டின் வறண்ட காற்றும் சேர்ந்துகொள்கிறது.

கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் குளிர் அவ்வளவு இல்லை. அங்கே கணினித் திரைதான் முதல் காரணம். 1993-இல் ஜப்பானிய மருத்துவர்கள் சுபோட்டாவும் நகமோரியும் அலுவலக ஊழியர்களின் இமைப்பை எண்ணி வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை, புத்தகம் படிக்கும்போது 10, திரையில் எழுத்தைப் பார்க்கும்போது 7. எண்ணிக்கை குறைவது மட்டுமல்ல, திரை முன்னால் பல இமைப்புகள் அரைகுறையாகவே நிற்கின்றன. மேலிமை கீழிமையைத் தொடாவிட்டால் எண்ணெய் சரியாகப் பிதுங்காது. பல ஆண்டுகள் இப்படியே போனால் சுரப்பிகள் அடைத்துக்கொண்டு, கடைசியில் சுருங்கி மறைந்தே போகலாம். மறைந்தவற்றை மீண்டும் வளர்க்க நம்பத்தக்க வழி இன்னும் இல்லை. முப்பது வயதில் கண் எரிகிற மென்பொறியாளர் இதைப் பொருட்படுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தால் கண் அகலத் திறக்காது, ஆவியாவதும் குறையும். காண்டாக்ட் லென்ஸ் படலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. லேசிக் அறுவை கருவிழி நரம்புகளை வெட்டுவதால் பல மாதங்களுக்கு உலர்வு இருக்கலாம். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே உலர் கண்ணைச் சோதித்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

டெக்சாஸில் வேறு கதை. ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலை சீடர் மரத்தின் மகரந்தம் காற்றில் நிறைகிறது. அந்த ஊர்க்காரர்கள் இதற்குச் சீடர் காய்ச்சல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கண் அரிக்க, மக்கள் ஒவ்வாமை மாத்திரை போடுகிறார்கள். அந்த மாத்திரைகளில் பல கண்ணீர் சுரப்பதையும் குறைப்பவை. அரிப்பு அடங்கி எரிச்சல் கூடும். பொதுவாக அரிப்புதான் மேலோங்கி நின்றால் ஒவ்வாமை, எரிச்சலும் உறுத்தலும் மேலோங்கினால் உலர்வு. இரண்டும் ஒரே கண்ணில் இருப்பதும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயினும் கண்ணை உலர்த்தும். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பரிசோதனைகள் எளியவை. ஃப்ளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லிப் படலம் எத்தனை விநாடியில் கலைகிறது என்று பார்ப்பார்கள். 10 விநாடிக்குள் கலைந்தால் கோளாறு. ஓட்டோ ஷிர்மர் 1903-இல் கொண்டுவந்த தாள் சோதனை இன்றும் நடக்கிறது: கீழிமையில் தாள் துண்டைச் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பது. இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது, இமையோரத்தை விரலால் அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்று பார்ப்பதும், அகச்சிவப்பு ஒளியில் சுரப்பிகளைப் படம் எடுப்பதும். இமையை யாரும் தொட்டே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். இன்னொன்று: கண்ணாடிக்கென்று எடுக்கும் விஷன் இன்ஷூரன்ஸ் வேறு. உலர் கண் ஒரு நோய் என்பதால் பொதுவாக மருத்துவக் காப்பீட்டின் கீழ்தான் வரும்.

சிகிச்சை சூட்டில் தொடங்குகிறது. ஆரோக்கியமான இமை எண்ணெய் உடல் சூட்டிலேயே உருகி ஓடும். அடைத்துக்கொண்ட சுரப்பியில் அது, நியூ ஜெர்சிக் குளிரில் குளியலறைத் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல் கெட்டிப்படுகிறது, உருகுவதற்கு இன்னும் அதிகச் சூடு கேட்கிறது. இமையை 40 டிகிரி செல்சியஸ் அளவில் ஐந்து பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும். மைக்ரோவேவில் சூடாக்கும் கண் பட்டை மேல். பிறகு இமையை முடியை நோக்கி மெல்ல நீவிவிட வேண்டும். தினமும், மாதக்கணக்கில். இதையே இயந்திரத்தால் செய்யும் கருவிகளும் உண்டு. லிப்பிஃப்ளோ 2011-இல் அமெரிக்க அனுமதி பெற்றது, 12 நிமிடத்தில் உள்ளிருந்து சூடாக்கிப் பிதுக்கும். மென்லோ பார்க்கில் இருக்கும் சைட் சயின்ஸஸ் நிறுவனத்தின் டியர்கேர் இன்னொன்று. பெரும்பாலும் இவற்றுக்குக் கைக்காசுதான் போட வேண்டும். எனவே வீட்டில் ஒழுங்காக ஒற்றடம் கொடுத்துப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

அழற்சியை அடக்கும் மருந்துகளின் வரலாறு நாயிடம் தொடங்குகிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர் ரெனே காஸ்வன், 1980-களில் உலர் கண்ணால் குருடாகும் நாய்களுக்குச் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கும் மருந்து அது. நாய்களின் கண்ணீர் திரும்பியது. மனிதருக்கான வடிவம், அலர்கன் நிறுவனத்தின் ரெஸ்டாசிஸ், 2002 டிசம்பரில் அனுமதி பெற்றது. அதன் காப்புரிமையைக் காப்பாற்றிக்கொள்ள அலர்கன் 2017-இல் அதை நியூயார்க்கின் செயின்ட் ரெஜிஸ் மோஹாக் பழங்குடியினருக்கு மாற்றிக் கொடுத்ததும், அடுத்த மாதமே டெக்சாஸ் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்று தீர்ப்பளித்ததும் மருந்து உலகம் மறக்காத வழக்கு. மற்ற நிறுவனங்களின் மலிவு வடிவம் 2022-இல்தான் அமெரிக்காவில் வந்தது. இந்த மருந்து எரியும், பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரே மாதத்தில் கைவிடுபவர்களுக்கு அது வேலை செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை. வளைகுடாப் பகுதியின் சார்கோட் நிறுவனத்தில் உருவான லிஃபிடெகிராஸ்ட், ஷைட்ரா என்ற பெயரில் 2016-இல் வந்தது. அது வேறு வழியில் அழற்சியைத் தடுக்கிறது, சிலருக்கு வாயில் கசப்புத் தட்டும்.

எண்ணெய்க் குறையை நேரடியாக ஈடுசெய்யும் மருந்து 2023-இல் வந்த மீபோ. நியூ ஜெர்சி ப்ரிட்ஜ்வாட்டரில் அமெரிக்கத் தலைமையகம் வைத்திருக்கும் பாஷ் அண்ட் லாம்ப் அதை விற்கிறது. அதில் நீர் ஒரு துளியும் இல்லை, கண்ணீரின் மேல் பரவி ஆவியாவதைத் தடுக்கும் திரவம் அது. பிரின்ஸ்டனின் ஆய்ஸ்டர் பாயின்ட் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த டைர்வாயாவோ கண்ணுக்கே போவதில்லை. சிகரெட்டை விடக் கொடுத்துவந்த வரனிக்ளினை மூக்கில் தெளித்து, அங்குள்ள நரம்பு வழியாகக் கண்ணீரைத் தூண்டுவது. பெரும்பாலோருக்குத் தும்மல் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது புதினாக் குளிர்ச்சியின் கதை. சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகமும் தெற்கே ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வகமும் 2002-இல், மென்தாலுக்கும் குளிருக்கும் ஒரே மாதிரி துடிக்கும் நரம்பு ஏற்பியைக் கண்டுபிடித்தன. இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவிழியின் குளிர் நரம்புகளில் அதே ஏற்பி இருக்கிறது. படலம் ஆவியாகும்போது கண் சற்றே குளிர்கிறது, நரம்பு அதை உணர்ந்து நீரைச் சுரக்கச் சொல்கிறது. இந்த ஏற்பியைத் தூண்டும் அகோல்ட்ரெமான் சொட்டு மருந்து, டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் 1940-களில் மருந்துக் கடையாகத் தொடங்கிய அல்கான் நிறுவனத்துக்கு 2025 மே மாதம் அனுமதி பெற்றுத் தந்தது.

மீன் எண்ணெய் மாத்திரையைப் பலர் நம்பி விழுங்குகிறார்கள். 535 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 3000 மில்லிகிராம் ஒமேகா-3 சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பணத்தில் நல்ல கண் பட்டை வாங்கலாம்.

கடையில் சீட்டில்லாமல் வாங்கும் செயற்கைக் கண்ணீர் எல்லோருக்கும் முதல் துணை. அதிலும் கவனம் வேண்டும். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் ஊற்றுபவர்கள் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காததை வாங்க வேண்டும். அந்த ரசாயனமே மேற்பரப்பைக் கெடுக்கும். சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்து வேண்டாம், விட்டதும் சிவப்பு முன்னைவிடக் கூடும். ஊரிலிருந்து வரும்போது மருந்துக் கடையில் வாங்கி வரும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தத்தையும் புரையையும் கொண்டுவரும்.

2023-இன் தொடக்கத்தில் நடந்தது தமிழர்கள் அறிந்திருக்க வேண்டியது. சென்னைக்குத் தெற்கே குளோபல் ஃபார்மா ஹெல்த்கேர் தயாரித்து, நியூ ஜெர்சி லேக்வுட்டின் எஸ்ரிகேர் பெயரில் விற்ற செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடைய கிருமித் தொற்று, 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. சூடோமோனாஸ் என்ற அந்தக் கிருமி அநேகமாக எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியவில்லை. 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது, 4 பேர் இறந்தார்கள். போதிய பதப்படுத்தி இல்லாத மருந்தைப் பலமுறை திறந்து மூடும் புட்டியில் அடைத்து விற்றது குறைகளில் ஒன்று என்றது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். எனவே பதப்படுத்தி இல்லாதது என்றால் ஒரே முறை உடைத்துப் போடும் சிறு குப்பியோ, காற்றையும் கிருமியையும் உள்ளே விடாத வடிகட்டி வைத்த புட்டியோதான் வாங்க வேண்டும். புட்டி முனை இமையைத் தொடக் கூடாது.

கண்ணோடு வாயும் உலர்ந்து, தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காத நிலை வந்து, மூட்டும் வலித்தால், 1933-இல் ஸ்வீடனின் ஹென்ரிக் ஷோக்ரன் விவரித்த எதிர்ப்பாற்றல் நோயாக இருக்கலாம். நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காண்பது. ரத்தப் பரிசோதனைக்கு வாதநோய் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கண் மட்டும் கடுமையாக வலித்துச் சிவந்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனாலோ, சீழ் வந்தாலோ அது உலர்வு மட்டும் இல்லை. காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போது போட்டுவந்த சொட்டு மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.