‘நரம்புத் தளர்ச்சி’ என்றால் எந்த நோய் என்று கேளுங்கள்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரொட்டி, வார இதழின் கடைசிப் பக்கம், நள்ளிரவுத் தொலைக்காட்சியில் “வாலிப வயோதிக அன்பர்களே” என்று அழைக்கும் குரல் எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான். கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், தாது நஷ்டம், கடைசியில் நரம்புத் தளர்ச்சி. முதல் மூன்றும் காரணமாம், நான்காவது அதன் விளைவாம். பதினெட்டு வயதில் இதைப் படித்துவிட்டு நாற்பது வயதுவரை அந்தப் பயத்தைச் சுமக்கும் ஆண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு.

இந்தப் பெயர் பிறந்தது சித்தர் ஏட்டில் அல்ல. 1869-இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ‘நியூராஸ்தீனியா’ என்ற நோயை விவரித்தார். நரம்புகளில் இருக்கும் ஆற்றலுக்கு ஓர் அளவு உண்டு, அது செலவாகிவிட்டால் களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, ஆண்மைக்குறைவு எல்லாம் வரும் என்பது அவர் கருத்து. அதற்கும் நூறாண்டுகளுக்கு முன்பே, 1760-இல், சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ சுய இன்பம் உடலை அழிக்கும் என்று புத்தகம் எழுதி ஐரோப்பாவையே பயமுறுத்தியிருந்தார். விந்து உயிர்ச்சத்து என்ற நம்பிக்கை நம் ஊரிலும் முன்பே வேரூன்றியிருந்ததால், இந்த இரண்டு பயங்களும் இங்கே எளிதாக ஒட்டிக்கொண்டன. பிறகு மருத்துவம் அந்தக் கருத்தைக் கைவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1980-ஆம் ஆண்டு வகைப்பாட்டிலேயே நியூராஸ்தீனியா இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலிலும் அது தனி நோயாக இல்லை. நம் சுவர்களில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து ஆகிறது என்பது உண்மையல்ல. விந்தின் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். உயிரணுக்கள் அதில் மிகச் சிறு பங்குதான். அவையும் நாள்தோறும் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. தூக்கத்தில் வெளியேறுவது வளரும் உடலின் இயல்பு. சுய இன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது, குழந்தை பிறக்காமல் போகாது. காலையில் சிறுநீர் கலங்கலாகப் போனால் பெரும்பாலும் அது பாஸ்பேட் உப்பு. எரிச்சலோ சீழோ இருந்தால் அது தொற்று. அதற்குப் பரிசோதனையும் உண்டு, மருந்தும் உண்டு.

இந்தச் சொல்லால் வரும் பெரிய கேடு, உண்மையான நோயை அது மூடிவைப்பதுதான். கை நடுங்கினாலே ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லிவிடுகிறோம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், மது பழகியவர் திடீரென நிறுத்தினாலும், பதற்றத்தாலும், பரம்பரையாக வரும் நடுக்க நோயாலும் கை நடுங்கும். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோயோ பி12 குறைபாடோ காரணமாக இருக்கலாம். விறைப்புக் குறைவு சிலருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவே வருகிறது. ஒரு ரத்தப் பரிசோதனையிலும் ரத்த அழுத்த அளவீட்டிலும் தெரிய வேண்டியதை, லேகியம் சாப்பிட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் இழப்பு சாதாரணமானதல்ல.

உடலில் எதுவும் இல்லாமல் பயம் மட்டுமே நோயானவர்களும் இருக்கிறார்கள். விந்து வீணாகிவிட்டது என்ற எண்ணத்திலேயே சோர்ந்து, பசியும் தூக்கமும் இழந்து வருகிறவர்களின் நிலைக்கு மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். தாத் என்பது தாதுதான். அவர்கள் நடிக்கவில்லை, அவர்கள் படும் துன்பம் உண்மை. விளக்கமும் ஆலோசனையும், மனச்சோர்வு இருந்தால் அதற்கான மருந்தும் அவர்களைத் தேற்றிவிடும்.

விடுதி அறைகளில் முகாம் போடும் வைத்தியர்கள் நாடி பார்ப்பதற்கு முன்பே, “சின்ன வயசுல பழக்கம் இருந்துச்சா?” என்று கேட்பார்கள். இருந்தது என்ற பதில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் தவணை மருந்து, பிறகு அதைவிட விலை கூடிய மருந்து, கடைசியில் பஸ்பம் என்று கணக்கு ஏறும். தரக்கட்டுப்பாடு இல்லாத பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மூலிகை என்று விற்ற மாத்திரைகளில் விறைப்புக்கான நவீன மருந்தான சில்டெனாபில் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை விழுங்கினால், ரத்த அழுத்தம் சடாரென இறங்கி உயிரே போகலாம். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களை இந்தக் கூட்டத்தோடு சேர்க்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

சட்டம் இதை எப்போதோ கவனித்துவிட்டது. 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மருந்து உண்டென்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் ஆண்மைக்குறைவு இருக்கிறது, பால்வினை நோய்கள் இருக்கின்றன, நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. உடலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்வதற்கும் தடை உண்டு. விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கு பெறுகிறவர்களையும் இந்தத் தடை கட்டுப்படுத்தும். இத்தகைய விளம்பரங்களைப் பற்றி மக்கள் புகார் தர ஏற்பாடு செய்யுங்கள் என்று மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தனைக்குப் பிறகும் சுவரொட்டிகள் துணிச்சலாக நிற்கின்றன என்றால், புகார் கொடுக்க நாம் கூச்சப்படுவதுதான் அதற்குப் பெரிய காரணம் என்பேன்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் முதலில் மருந்துப் பொட்டலத்தையும் உறையையும் பணம் அனுப்பிய பதிவையும் பத்திரப்படுத்துங்கள். உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் அச்சிடாத மருந்து என்றால் அதுவே தனிக் குற்றம். விளம்பரத்தைப் படம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பப் பெற 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். நடக்கவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. “மருந்தைப் பாதியில் நிறுத்தினால் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்” என்று யாராவது மிரட்டிப் பணம் கேட்டால் அது பணப்பறிப்பு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் அதற்குத் தண்டனை இருக்கிறது. கூச்சத்தால் மேலும் பணம் அனுப்பாதீர்கள்.

மனசு விட்டுப் பேச, பெயர் சொல்லாமலேகூட, 14416 என்ற டெலி மானஸ் எண் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் கிடைக்கும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். அரசு மருத்துவமனைக்குப் போனால், “எனக்கு நரம்புத் தளர்ச்சி” என்று சொல்லாமல், என்ன நடக்கிறது என்பதை அப்படியே சொல்லுங்கள்: கை எப்போது நடுங்குகிறது, தூக்கம் எத்தனை மணி நேரம், விறைப்பு காலையில் வருகிறதா, சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று. இதுவரை சாப்பிட்ட மருந்து எதையும் மறைக்க வேண்டாம், மிச்சம் இருப்பதைக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.