'டொக்' சத்தம் கேட்குதா?

அவிநாசி ரோட்டில் பிரேக் அடித்தேன். ஹேண்டிலுக்குள் மறுபடி 'டொக்'! பின்னால் பனியன் துணி பண்டல், முன்னால் பஸ். மயிரிழையில் தப்பினேன். வண்டி, 1996-ல் தயாரிப்பு நின்றுபோன ஆர்.எக்ஸ். 100.

"கோன்செட் ஆடுதுங் தம்பி" என்ற மெக்கானிக் அண்ணன், முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். டொக்... டொக்!

"நல்லா இறுக்கிருங்கண்ணா!"

"அதானுங் தப்பு. ரொம்ப இறுக்குனா வண்டி பாம்பாட்டம் நெளியும்."

மேல் நட்டைத் தளர்த்தி, கீழ் நட்டைத் துளித்துளியாகத் திருகினார். ஆட்டம் நின்றது. ஹேண்டில் மட்டும் தானாக இருபுறமும் சாய்ந்தது.

"இதானுங் கணக்கு. நடுவுல சிக்குச்சுன்னா பாலோட மொத்த செட்டையும் மாத்தோணும்."

மேல் நட்டை இறுக்கி, மறுபடி ஆட்டினார். சத்தமே இல்லை!

அரை மணி வேலை. ஆறு மாசமாக ரிப்பேரில் இருந்தது என் காதுதான்!