அறைக் கணிப்பொறியும் அகிலத்து இணையமும்

குருதிக்கொடை அளிக்க முன்வந்த மாணவர்களின் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றி, வேண்டிய குருதி வகையைக் கேட்டதும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துத் தரும் சிறு வலைச்செயலி ஒன்றைச் சென்ற ஆண்டு எழுதினேன். என் வீட்டுக் கணிப்பொறியில் அது அழகாக இயங்கியது. ஆனால் வீட்டுக்கு வெளியே ஒருவராலும் அதைக் காண இயலவில்லை. நள்ளிரவில் மருத்துவமனை வாயிலில் நிற்பவருக்கு, என் அறைக்குள் மட்டும் எரியும் விளக்கால் என்ன பயன்? அதை இணையத்துக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது நான் கற்றவற்றைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் தெரியவில்லை?

செயலி இயங்கிய முகவரி 127.0.0.1. இது ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. பிறருக்கு இதனால் பயனில்லை. வீட்டு ரவுட்டர் என் கணிப்பொறிக்கு அளித்திருந்த மற்றொரு முகவரி 192.168 என்று தொடங்கியது. அதுவும் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். எல்லா விடுதிகளிலும் 12ஆம் எண் அறை இருப்பதைப் போல, உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் இதே முகவரி உண்டு.

இதற்குக் காரணம் முகவரிப் பஞ்சம். 1981இல் வகுக்கப்பட்ட ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உள்ளன. உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயின. ஆகவே ஒரு வீடு முழுவதும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறது. ரவுட்டர் விடுதிக் காவலரைப் போன்றது. உள்ளிருந்து வெளியே சென்றவருக்கு வரும் மறுமொழியை உரிய அறைக்கு அனுப்பும். முன்பின் அறியாதவர் வந்தால் வாயிலிலேயே நிறுத்திவிடும்.

இரண்டு வழிகள்

முதல் வழி, காவலரிடம் சொல்லி வைப்பது. ‘443ஆம் போர்ட்டுக்கு வருவோரை இந்தக் கணிப்பொறிக்கு அனுப்புக’ என்று ரவுட்டரில் எழுதி வைக்கலாம். இதனைப் போர்ட் ஃபார்வர்டிங் என்பர். நானும் எழுதினேன், பலிக்கவில்லை. ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்திருந்த முகவரியைப் பார்த்தேன், 100.64 என்று தொடங்கியது. அப்போதுதான் உண்மை விளங்கியது. இணைய நிறுவனமும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருந்தது. என் காவலருக்கு மேல் இன்னொரு காவலர்! அவருக்கு நான் கட்டளையிட முடியாது.

இரண்டாம் வழி, நாமே வெளியே செல்வது. வெளியே செல்வோரைக் காவலர் தடுப்பதில்லை அல்லவா? பொது முகவரி உடைய சிறு சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். என்னும் மென்பொருளைக் கொண்டு, என் கணிப்பொறியிலிருந்து அந்தச் சர்வருக்கு ஓர் இணைப்பை ஏற்படுத்தி, அறுபடாமல் வைத்தேன். சர்வரின் வாயிலுக்கு வரும் வேண்டுகோள் அந்த இணைப்பின் வழியே என் அறைக்கு வரும். விடையும் அவ்வழியே திரும்பும். இதுவே சுரங்க வழி. என்கிராக், கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சேவைகளும் இதே தத்துவத்தில் இயங்குவனவே. பின்னர்த் தளத்துக்கு ஒரு பெயர் வாங்கி, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழும் பெற்றேன். என் செயலி உலகுக்குத் தெரிந்தது. நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

வந்தவர் யார்?

அம்மகிழ்ச்சி அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. முகவரியை நான் எவரிடமும் சொல்லவில்லை. ஆயினும் சர்வரின் பதிவேட்டில் அந்நியர்களின் வருகை வரிசையாகப் பதிவாகியிருந்தது. என் தளத்தில் இல்லாத வேர்ட்பிரஸ் உள்நுழைவுப் பக்கத்தை ஒருவர் தேடியிருந்தார். கடவுச்சொற்கள் வைக்கப்படும் கோப்பை இன்னொருவர் கேட்டிருந்தார். சான்றிதழ் வழங்கப்படும்போதே தளத்தின் பெயர் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. அவற்றை ஓயாது படித்து, புதிய கதவுகளைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் பல உள்ளன என்பதைப் பின்னரே அறிந்தேன்.

என் பட்டியலிலோ மாணவ மாணவியரின் தொலைபேசி எண்கள் இருந்தன. அதற்குப் பூட்டு இல்லை. ‘குருதி கொடுப்பேன்’ என்று நம்பிக் கொடுத்த எண்களை ஊரறியப் பரப்பி வைத்திருந்தேன்! கைகள் நடுங்க இணைப்பைத் துண்டித்தேன். யாரும் எண்களை எடுத்ததாகப் பதிவேட்டில் இல்லை. அது என் திறமையன்று, நற்பேறு.

பிறகு செயலியைத் திருத்தினேன். இப்போது வெளியார் குருதி வகையையும் மருத்துவமனையையும் பதிவு செய்யலாம். எண்களைக் காண முடியாது. கடவுச்சொல் உடைய பொறுப்பு மாணவர் மட்டுமே பட்டியலைத் திறந்து கொடையாளரை அழைப்பார். பிழை திருத்தத்துக்கான டீபக் நிலையையும் அணைத்தேன்; அதைத் திறந்து வைப்பது வந்தவரிடமே கணிப்பொறியை ஒப்படைப்பதற்குச் சமம். அதன் பின்னரே சுரங்க வழியை மீண்டும் திறந்தேன்.

வழி திறப்பது ஒருநாள் வேலை. திறந்தால் யார் வருவார், எதைக் காண்பார் என்று எண்ணிப் பார்ப்பதே பெரிய வேலை. நான் பின்னால் செய்ததைத் தோழர்கள் முன்னால் செய்வார்களாக!