திசு சொல்லும் சேதி - 9: தசை வந்திருக்கா?

கான்சாபுரம் பக்கம் தோப்பிலும் வயலிலும் பாடுபடுகிறவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால் பழி முதலில் வெயில் மேல்தான். ‘சூடு பிடிச்சிருக்கு அண்ணாச்சி, ரெண்டு இளநி குடிங்க’ என்பார்கள். குடிப்பார். இரண்டொரு நாளில் தெளிந்துவிடும். இளநீருக்கு நல்ல பேர்.

சிறுநீர்ப்பைப் புற்று ஏமாற்றுவது இப்படித்தான். வலிக்காது, ரத்தம் வரும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் தலைகாட்டாது. நாற்பதைத் தாண்டியவருக்கு, அதிலும் பீடி குடிப்பவருக்கு, ஒரே தடவை போயிருந்தாலும் ஸ்கேனும் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையும் அவசியம். புகையில் இருக்கும் அரோமாட்டிக் அமீன்களைச் சிறுநீரகம் வடித்துப் பைக்கு அனுப்புகிறது. அங்கே அவை மணிக்கணக்கில் உட்சவ்வோடு கிடக்கின்றன. 1895-இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களிடம் இந்தப் புற்றைக் கண்டு சொன்னார். அங்கும் குற்றவாளி இதே ரசாயனக் குடும்பம்தான்.

கட்டி பெரும்பாலும் காலிஃப்ளவர் போலப் பைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சிறுநீர்ப்பாதை வழியே கருவி விட்டு, மின்கம்பி வளையத்தால் சில்லு சில்லாகச் சீவி எடுப்பார்கள். ஃபார்மலின் பாட்டிலில் அது நோய்க்கூறியல் கூடத்துக்குப் போகும். அங்கே மெழுகில் பதித்து, மைக்ரான் கணக்கில் சீவி, சாயமேற்றிப் பார்க்கும்போது முக்கியமான கேள்வி இரண்டு: சில்லில் தசை வந்திருக்கிறதா? அந்தத் தசைக்குள் புற்று நுழைந்திருக்கிறதா?

ரிப்போர்ட்டில் ‘தசை இல்லை’ என்று இருந்தால், ‘தசைக்குப் பரவல’ என்று குடும்பம் நிம்மதியாகிவிடுகிறது. உண்மையில் அதற்கு அர்த்தம், சீவல் ஆழம் போதவில்லை என்பது. கட்டி வீரியமானதாக இருந்தால் சில வாரங்களில் மறுபடி சீவ வேண்டும். இன்னொரு கண்ணியும் உண்டு. உட்சவ்வுக்கு அடியிலேயே மெல்லிய தசை இழைகள் இருக்கும். அவற்றைப் பையின் தடித்த தசை என்று நினைத்துவிட்டால், தேவையில்லாமல் பையையே எடுக்கும் பேச்சு வந்துவிடும். அனுபவசாலிகளும் ஸ்லைடை இன்னொருவரிடம் காட்டிக்கொள்வது இதனால்தான். நான் அதைப் பலவீனம் என்று சொல்ல மாட்டேன்.

தடித்த தசையில் புகுந்திருந்தால் பையை அகற்றுவது, அல்லது கதிர்வீச்சோடு கீமோ. புகாத, ஆனால் வீரியமான கட்டிக்குச் சீவிய பிறகு பி.சி.ஜி. ஆம், கைக்குழந்தைக்குப் போடும் அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமிதான். அதைப் பைக்குள் ஏற்றினால் உடம்பின் எதிர்ப்புப் படை புற்று மேல் பாயும் என்று 1976-இல் கனடாவின் ஆல்வாரோ மொராலெஸ் காட்டினார். நம் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் இதற்கென்றே 40 மில்லிகிராம் மருந்தும் தயாரித்திருக்கிறது. வாரம் ஒன்றாக ஆறு தடவை. ஏற்றியபின் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். உயிருள்ள கிருமி என்பதால், அடுத்த ஆறு மணி நேரம் கழிப்பறையில் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்தே தண்ணீர் விட வேண்டும்.

சிறுநீர்ப்பைக் கட்டியை இப்படிச் சீவிப் பார்க்கலாம்; விரைக் கட்டிக்கு விதியே வேறு. அங்கே விரைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுக்கக் கூடாது. விரையை அடிவயிற்று மடிப்பு வழியாக முழுசாகவே எடுத்தாக வேண்டும். காரணம் அடுத்த வாரம்.