விண்ணிலிருந்து பொழியும் காணா மழை

மலையேறுவோர்க்குக் குளிர் மிகும், மூச்சு முட்டும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். உயரம் கூடக் கூடப் பெருகுவது வேறொன்றும் உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாது. உடலை ஊடுருவினும் உணர்வு தோன்றாது. அண்டவெளிக் கதிர்களாற் பிறக்கும் நியூத்திரன் மழையே அது.

1912ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி, அவுஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5,000 மீற்றருக்கும் மேலே சென்றார். கதிர்வீச்சு நிலத்திலிருந்தே எழுவதாயின், மேலே செல்லச் செல்ல அது குறைய வேண்டுமன்றோ? அவருடைய கருவிகளோ உயரத்தில் அது மிகுவதைக் காட்டின. கதிர் விண்ணிலிருந்தே வருகின்றதென அவர் முடிவு கண்டார். 1936இல் நோபல் பரிசும் பெற்றார்.

அவ்வாறு வருவன பெரும்பாலும் புரோத்தன்கள். அவை பெருவேகத்துடன் வளிமண்டலத்துட் புகுந்து, நைதரசன், ஒட்சிசன் அணுக்களின் கருக்களை மோதிச் சிதறடிக்கின்றன. சிதறும் துணிக்கைகளுள் நியூத்திரனும் ஒன்று. 1932இல் சாட்விக் கண்டறிந்த இத்துணிக்கைக்கு மின்னேற்றம் இல்லை. ஆதலால் அது காற்றை எளிதில் ஊடுருவ வல்லது.

கடல் மட்டத்தில் நிற்போர்க்கு, தலைக்கு மேலுள்ள காற்று ஏறத்தாழ 10 மீற்றர் ஆழமான நீருக்கு நிகரான கூரையாகும். மேலே ஏற ஏற இக்கூரை மெலிகின்றது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1,600 மீற்றர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் விரைவு நியூத்திரன்கள் நியூயோர்க்கினும் ஏறக்குறைய 4 மடங்கு. 3,100 மீற்றர் உயரத்து லெட்வில்லில் ஏறக்குறைய 13 மடங்கு. ஆகாய விமானங்கள் பறக்கும் 12 கிலோமீற்றர் உயரத்திலோ நூற்றுக்கணக்கான மடங்கு! ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயரத்தில் இப்பெருக்கம் உச்சமடைந்து, பின்னர் குறைகின்றது. அதற்கு மேலே மோதுதற்குக் காற்றே அரிதன்றோ?

பூமியின் காந்தப் புலமும் நமக்கு ஒரு காவல். பூமத்திய ரேகையை அடுத்த நம் இலங்கையில் அக்காவல் வலிது. துருவங்களை அண்டிய வான்பாதைகளில் அது தளர்ந்துவிடும்.

இதற்காக நாம் அஞ்ச வேண்டுமா? எப்போதாவது பறக்கும் பயணிக்குக் கவலை வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் வானிலே தொழில் புரியும் விமானிகள், பணிப்பெண்கள் நிலை வேறு. நியூத்திரன் நம் உடலிலுள்ள ஐதரசனின் கருவை மோதித் தள்ள, அக்கரு விரைந்து சென்று உயிர்க்கலங்களைத் தாக்குகின்றது. ஆகவே, விமான ஊழியரையும் கதிர்வீச்சுக்கு உட்படும் தொழிலாளராகக் கணித்தல் வேண்டுமெனச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு 1990இல் பரிந்துரைத்தது. கருவுற்ற பணிப்பெண் தன் நிலையைக் காலந்தாழ்த்தாது அறிவித்தல் நன்று. தன்னைக் காக்க அறியாத சிசுவின் நலம் அதில் அடங்கியிருக்கின்றது.

இம்மழையால் நன்மையும் உண்டு. நியூத்திரன் நைதரசனைத் தாக்கும்போது காபன்-14 பிறக்கின்றது. 5,730 ஆண்டுகளிற் பாதியாகக் குறையும் அதனைக் கொண்டே, மண்ணுட் புதைந்த பழங்கரியின் வயதை ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். அம்முறையைக் கண்ட லிபிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. உயரத்தில் நாம் விலகி நிற்க வேண்டிய கதிரே, நம் முன்னோர் வாழ்ந்த காலத்தை அளக்கும் கோலாகவும் விளங்குகின்றது.