பூட்டிய பிறகு வந்த நோட்டீஸ்

செல்போனில் ஒரு செய்தித் தளம் திறக்கவில்லை என்றால், ‘நெட் சரியில்லை’ என்று விட்டுவிடுகிறோம். 2025 பிப்ரவரி 15 மாலை விகடன் தளம் திறக்காமல் போனதற்குக் காரணம் நெட் அல்ல, ஒரு கார்ட்டூன்.

அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரம் அது. டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக ‘விகடன் பிளஸ்’ படம் போட்டது. பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் செய்தார். தளம் முடங்கிய மறுநாள்தான் ஒன்றிய அரசின் நோட்டீஸ் வந்தது. ஒரே படத்துக்காக மொத்தச் செய்திகளுக்கும் பூட்டு!

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, வெளிநாட்டு உறவு போன்றவற்றுக்காகத் தடைசெய்ய அனுமதிக்கிறது. காரணத்தை எழுத்தில் பதியவும் சொல்கிறது. ஆனால் 2009 விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணமே தெரியாதவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்? நாம் இதைத்தான் எதிர்க்கிறோம்.

நம்மைக் குறிவைக்கும் வெறுப்பு வீடியோக்களை நீக்கச் சொல்பவர்களும் நாம்தான். அந்த வீடியோவை மட்டும், காரணம் சொல்லி நீக்கட்டும்.

மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், படத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. விகடனுக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வந்து யூடியூப் சானல் நடத்தும் நம் பிள்ளைக்கு?

அப்படி நோட்டீஸ் வந்தால் பயந்து அழித்துவிட வேண்டாம். பதில் தர குறைந்தது 48 மணி நேரம் உண்டு. நோட்டீஸுடன் உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.